ராக் 42, டிரம்ப் 37: பிரியாணி யார் செலவு?

கேள்வி: மல்யுத்தத்திலிருந்து சினிமாவுக்கு வந்த ‘தி ராக்’, தேர்தலில் நின்றால் அமெரிக்க அதிபராகிவிடுவார் என்கிறான் என் மச்சான். டிரம்ப்புக்கு எதிராக அவரை நிறுத்தி எடுத்த கருத்துக்கணிப்பை வேறு காட்டுகிறான். அது டுபாக்கூர் என்றேன். பிரியாணி பந்தயம். யார் வாங்கித் தர வேண்டும்?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: டுபாக்கூர் என்றீர்களே, அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள். 2017 மே மாதம் ‘பப்ளிக் பாலிசி போலிங்’ என்ற நிறுவனம் நிஜமாகவே இப்படிக் கேட்டது. ராக் 42 சதவீதம், டிரம்ப் 37.

சரி, அதே நிறுவனத்தின் பழைய கணக்குகளையும் மச்சானிடம் காட்டுங்கள். 2015 ஆகஸ்டில் வட கரோலினாவில் டிரம்ப் 40, ஹிலாரி 38, ‘டீஸ் நட்ஸ்’ 9. யார் இந்த டீஸ் நட்ஸ்? ஒரு பச்சை ஜோக்கைப் பெயராக எழுதி மனு போட்ட, அயோவா மாநிலத்து 15 வயதுப் பையன். அதிபராக 35 வயது ஆகியிருக்க வேண்டும்! அடுத்த ஆண்டு, பூமியில் வந்து மோதும் ராட்சத விண்கல்லையே மூன்றாவது வேட்பாளராகச் சேர்த்தார்கள். ஹிலாரி 43, டிரம்ப் 38, விண்கல் 13.

ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் போன் அடிக்கிறது. இவருக்கு 1, அவருக்கு 2, இன்னொருவருக்கு 3 என்கிறது பதிவு செய்த குரல். முதல் இரண்டு பேரையும் பிடிக்காதவர் 3-ஐத் தட்டிவிட்டுத் தட்டுக்குத் திரும்பிவிடுவார். அங்கே பையன் இருந்தால் என்ன, விண்கல் இருந்தால் என்ன? ராக்கின் 42-இலும் அவருக்கு விழுந்தது எவ்வளவு, ‘டிரம்ப் வேண்டாம்’ என்று விழுந்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

நிஜமாகவே களத்தில் இறங்கியவர்களுக்கே எண் கரைந்திருக்கிறது. 1992 ஜூனில் ‘கேலப்’ நிறுவனத்தின் கணிப்பில் தொழிலதிபர் ராஸ் பெரோ 39 சதவீதத்துடன் முதலிடம். அப்போதைய அதிபர் புஷ் 31, ஹிலாரியின் கணவர் பில் கிளின்டன் 25. ஜூலையில் விலகினார், அக்டோபரில் திரும்பி வந்தார். கடைசியில் கிடைத்தது சுமார் 19 சதவீதம். அதிபரை முடிவு செய்யும், மாநிலவாரியான தேர்வாளர் வாக்கு ஒன்றுகூட இல்லை.

அதற்காக நடிகர் என்றாலே சிரித்துவிடாதீர்கள். உக்ரைனில் நகைச்சுவை நடிகர் ஜெலென்ஸ்கி 2019-இல் 73 சதவீதம் வாங்கி ஜெயித்தார். ஆனால் அவர் நிஜமாகவே நின்றார்.

பிரியாணியா? கணிப்பு நடந்தது உண்மை என்பதால் நீங்களே வாங்கிக் கொடுங்கள். லெக் பீஸை மட்டும், ராக் மனு போடும் வரை மச்சான் தட்டில் வைக்காதீர்கள்.