ஒரு நூல் தீரும் வரை

கேள்வி: கல்யாணத்துக்கு முன் எம்பிராய்டரியில் எனக்குக் கை நன்றாக ஓடும். இப்போது அலுவலகம், தொடக்கநிலை 2 படிக்கும் மகன், பாலர் பள்ளி போகும் மகள். ராத்திரி துணியை எடுத்தால் நூலில் சிக்கெடுப்பதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. வாரத்தில் இரண்டு மணி நேரமாவது எப்படி ஒதுக்குவது?
– வாசகி, செங்காங்

பதில்: இரண்டு மணி நேரத்தைத் தேடாதீர்கள். அது கிடைத்தாலும் துணி மடிக்கத்தான் போகும். கைத்தையலுக்கு நூல் கணக்கு போதும். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, ஏறத்தாழ 45 செ.மீ. வெட்டினால் அது ஒரு நூல். சங்கிலித் தையலில் அது ஒரு விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். பழகிய கைக்குப் பத்துப் பதினைந்து நிமிட வேலை. நூல் தீர்ந்ததும் எழுந்துவிடுங்கள். அடிக்கடி ஊசி கோக்கச் சோம்பல்பட்டு நீளமாக வெட்டினால், துணிக்குள் பலமுறை புகுந்து புறப்பட்டு நூல் நைந்துவிடும், முறுக்கிக்கொண்டு முடிச்சும் விழும்.

உங்கள் நேரத்தைத் தின்பது தையல் இல்லை, ஆயத்தம். அதை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக முடித்துவிடுங்கள். பருத்தித் துணியை முதலில் அலசிக் காயவைத்துத் தேய்த்துக்கொள்ளுங்கள். அலசாத துணி பின்னால் துவைக்கும்போது சுருங்கி, பூவைச் சுற்றி இழுத்துக்கொள்ளும். சிவப்பு, நீல நூல்களை ஈரமான வெள்ளை டிஷ்யூவில் அழுத்திப் பாருங்கள்; சாயம் ஒட்டினால் வெளிர் துணிக்கு வேண்டாம்.

எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும். இரண்டு இழை வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்து இழுக்காதீர்கள், சிக்கு அங்கேதான் பிறக்கிறது. ஒரு நுனியைப் பிடித்து ஒற்றை இழையை நேராக மேலே உருவுங்கள். மீதி சுருங்கிக் குவிந்து, தானே நீண்டுவிடும். அடுத்ததையும் அப்படியே உருவி, இரண்டையும் சேர்த்துக் கோத்துக்கொள்ளலாம்.

இப்படிப் பத்து ஊசிகளில் நூல் கோத்து, ஒரு ஃபெல்ட் துண்டில் வரிசையாகக் குத்தி வையுங்கள். களைத்த கண்ணோடு ஊசிக் காதைத் தேட வேண்டியிருக்காது. வைக்கும் இடம், வேறென்ன, பிஸ்கட் டின்தான். ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றையும் உள்ளே போடுங்கள். வீட்டில் சிறு பிள்ளை இருப்பதால் ஊசிகளை எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள்.

துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையம் ஐந்து அங்குலம் போதும், கைப்பைக்குள் அடங்கும். மகனின் டியூஷன் முடியும்வரை வெளியே காத்திருக்கும்போது இரண்டு நூல் போடலாம். எம்ஆர்டி ரயிலில் மட்டும் வேண்டாம். வண்டி குலுங்கினால் ஊசி யார் கையில் ஏறும் என்று சொல்ல முடியாது.

பிள்ளை கூப்பிட்டால் பாதியில் எழத்தான் வேண்டும். சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பிடித்து வைப்பது அடுத்த தையல்தான். ஆகவே அதன் தலையில் ஒரு சின்னத் தையல் போட்டுவிட்டு எழுங்கள், இல்லையென்றால் உருவிக்கொள்ளும். அன்றைய வேலை முடிந்தால் துணியை வளையத்திலிருந்து கழற்றிவிடுங்கள். வட்டத் தடம் பதிந்தால் போவது கஷ்டம். ஊசியையும் துணியில் விட்டுவைக்காதீர்கள். சிங்கப்பூர்க் காற்றின் ஈரத்தில் அது துருப்பிடித்தால் துணியில் விழும் பழுப்புப் புள்ளி எளிதில் போகாது.

கேள்வி: பிள்ளைகள் தூங்கிய பிறகு தையல் மெஷின் ஓட்டினால் கீழ்வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, ஈசூன்

பதில்: அவர் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. மெஷினின் அதிர்வு மேசைக் கால் வழியாகத் தரையில் இறங்குகிறது. மெஷினுக்கு அடியிலும் மேசைக் கால்களுக்கு அடியிலும் தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் குறையும். அடிநூல் சுற்றும் பாபின் இருக்கும் கூட்டில் பஞ்சு அடைந்திருந்தாலும் சத்தம் கூடும், தூரிகையால் தட்டி எடுங்கள். இவ்வளவு செய்தாலும் ராத்திரி 10 மணிக்குமேல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் மெஷின் வேண்டாம். அந்த நேரத்தில் வெட்டுவது, குண்டூசி குத்துவது, மடிப்பைத் தேய்ப்பது என்று சத்தமில்லாத வேலைகளை முடித்து வையுங்கள். மூன்று பாபினில் முன்கூட்டியே நூல் சுற்றி வைத்திருந்தால் சனிக்கிழமை காலை நேரே தைக்க உட்காரலாம்.