பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம். எதையுமே சாப்பிடாத பிள்ளையைப் பந்தியில் எப்படிச் சமாளிப்பது?

உங்கள் ஐந்து வயது மகள் தயிர் சாதம், வெறும் தோசை, வாழைப்பழம் தவிர எதையும் தொடுவதில்லை. பொங்கலுக்கு நான்கு நாள் மாமியார் வீட்டில் இருக்கவேண்டும். பந்தியில் ஆளாளுக்கு ஏதாவது சொல்வார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. அவனும் அப்படித்தான் இருந்தான். என் கணவரின் ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

அவனுக்கு நாலு வயதானபோது ஊரில் கொண்டாடிய பொங்கலை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு வலிக்கும். பச்சரிசிச் சோறு, இடிசாம்பார், அவியல், சிறுகிழங்குப் பொரியல், வடை என்று இலை நிறைந்திருந்தது. அவனுக்கு ஒரு பதார்த்தம் இன்னொன்றோடு ஒட்டக்கூடாது. சாம்பார் ஓடிவந்து அப்பளத்தைத் தொட்டதுமே முகம் மாறிவிட்டது. வீட்டுப் பெரியவர் ஒருவர், பாசத்தில்தான், அவனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "ஒரு வாய்தாம்ல, கண்ண மூடிட்டு முழுங்கு" என்று அவியலை ஊட்டினார். குமட்டி, இலையிலேயே வாந்தி எடுத்தான். அதற்கப்புறம் ஒரு வருஷம் எந்தக் கல்யாண வீட்டிலும் பந்தி நடக்கும் இடத்துக்குள் வரவே மாட்டேன் என்று அழுதான்.

அதனால் நான் முதலில் சொல்வது இதுதான்: இந்த நான்கு நாளில் அவள் புதிதாக ஒன்றைச் சாப்பிடவேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். பந்தியில் பயமில்லாமல் உட்கார்ந்து எழுந்தால் போதும். நல்லபடியாக வளரும் பிள்ளைக்கு நான்கு நாள் தயிர் சாதமும் தோசையும் மட்டும் சாப்பிடுவதால் எந்தக் குறையும் வந்துவிடாது.

ஊருக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே மாமியாரிடம் ஃபோனில் பேசிவிடுங்கள். அங்கே போனபிறகு எல்லார் முன்னாலும் சொன்னால் அது எதிர்த்துப் பேசுவதாகிவிடும். நான் மறுவருஷம், "அத்தை, அவனுக்கு உங்க கை தோசைன்னா இறங்கும். காலையில ரெண்டு ஊத்திக் குடுத்துருங்க. பந்தியில மட்டும் யாரும் ஊட்ட வேண்டாம்னு நீங்களே சொல்லிருங்க" என்றேன். நீங்களே சொல்லிருங்க என்பது முக்கியம். ஆச்சி சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. பேரனுக்குத் தன் கையால் கொடுக்க ஒன்று இருக்கிறது என்றதும் அத்தைக்கும் மனசு நிறைந்துவிட்டது. "இவனும் சின்னதுல இப்படித்தாம்மா, பருப்புஞ்சோறு தவிர ஒண்ணும் இறங்காது" என்று என் கணவரைப் பற்றிச் சொன்னதும் அன்றைக்குத்தான். அது உண்மையாகவே இருக்கும். பிரிட்டனில் இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில், புது உணவைக் கண்டு ஒதுங்கும் குணத்தில் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் வேறுபாட்டில் 78 சதவீதம் பரம்பரையால் வருவது என்று கண்டார்கள். "நீ பழக்கின பழக்கம்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மனதில் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

பொங்கல் அன்று படையல் முடிந்து இலை போட எப்படியும் நேரமாகும். பசியோடு காத்திருக்கும் பிள்ளைக்கு எல்லாமே எரிச்சல்தான். பதினோரு மணிக்கே தோசையோ தயிர் சாதமோ கொடுத்து வயிற்றை நிரப்பிவிடுங்கள். பந்தியில் வரிசையின் கடைசியில், உங்களுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பரிமாறுகிறவரிடம், அவள் இலையில் குழம்பு, ரசம் எதுவும் ஊற்றவேண்டாம் என்று முன்பே சொல்லிவைக்கவேண்டும். இலையின் மேல் ஒரு சின்னக் கிண்ணம், அதில் அவளுடைய தயிர் சாதம். தள்ளி ஒரு அப்பளம், ஒரு பழம். ஒன்றை ஒன்று தொடாது. என் மகனுக்கு இந்தக் கிண்ணம்தான் பெரிய தைரியம்.

யாராவது கேட்டால் ஒரே பதில்: "வயிறு நிறைஞ்சிருக்கு சித்தி, வேணும்னா அவளே கேட்டு வாங்கிக்குவா." முகம் சுளிக்காமல், எத்தனை பேர் கேட்டாலும் இதையே சொல்லுங்கள். அவள் காதுபட "இவ எதையுமே தொட மாட்டா" என்று நாம் சொல்லக்கூடாது. திரும்பத் திரும்பக் கேட்டால் தன்னைப் பற்றி அதையே நம்ப ஆரம்பித்துவிடுவாள். பொரியல் சாப்பிட்டால்தான் சர்க்கரைப் பொங்கல் என்ற பேரமும் வேண்டாம். பொரியல் ஒரு தண்டனை என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். அமெரிக்காவில் பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய பிள்ளைகளுக்கு சூப் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2006இல் வந்தது. "சூப்பைக் குடித்து முடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தபோது பிள்ளைகள் குறைவாகக் குடித்தார்கள், அதைப் பிடிக்கவில்லை என்றும் அதிகமாகச் சொன்னார்கள். நம் வீட்டில் நடந்ததும் அதேதான்.

சாப்பிட வைக்கிற வேலையை விட்டுவிட்டு, சமையலில் கைவைக்க விடுங்கள். அவனுக்கு ஆறு வயதில் ஆச்சி சிறுகிழங்கை ஊறவைத்து, சாக்கில் போட்டு, தோல் கழல அடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். இவனும் சாக்கின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். மண்ணும் தோலும் போய் வெள்ளையாக வந்த கிழங்குகளைத் தண்ணீரில் அலசினான். விரலெல்லாம் கறுத்துப்போனது. அதை எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான். அந்த வருஷம் கிழங்கைச் சாப்பிடவில்லை, மோந்து மட்டும் பார்த்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த பொங்கலுக்கு, பந்தி எல்லாம் முடிந்து மத்தியானம் வீடே தூங்கும்போது, அடுப்படியில் நின்றுகொண்டு சட்டியிலிருந்து இரண்டு துண்டு எடுத்துத் தின்றான். நான் கதவுக்கு இந்தப் பக்கம் அப்படியே நின்றுவிட்டேன். அவியலை இன்றைக்கு வரைக்கும் தொடுவதில்லை. இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எடை கூடாமல் நிற்கிறது அல்லது குறைகிறது, விழுங்கும்போது அடிக்கடி புரையேறுகிறது, முன்பு சாப்பிட்டதையும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வருகிறாள் என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அது வெறும் பிடிவாதமாக இல்லாமல், கவனிக்கவேண்டிய கோளாறாகவோ இரும்புச்சத்துக் குறைவாகவோ இருக்கலாம்.

அப்புறம், அந்தக் கிண்ணத்தை இங்கிருந்தே எடுத்துப் போங்கள். வீட்டில் அவள் தினமும் சாப்பிடுகிற கிண்ணமாக இருக்கவேண்டும். ஊரில் கிடைக்கிற ஏதோ ஒன்று என்றால் ஒத்துக்கொள்ளமாட்டாள்.