கேள்வி மேடை: ஒப்பந்த மேசையில் யார் இல்லை?

கேள்வி: சர்வதேச உறவுகள் என்றாலே நாடு, படை, ஒப்பந்தம்தான். இதில் பெண்ணியத்துக்கு என்ன வேலை?

பதில்: 1989இல் அமெரிக்கப் பெண்ணிய அறிஞர் சிந்தியா என்லோ தன் நூலில் எழுப்பிய கேள்வி இரண்டே சொல்தான்: 'பெண்கள் எங்கே?' வெளிநாட்டு ராணுவத் தளம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். துணி துவைப்பவர்கள், சமைப்பவர்கள், பாலியல் தொழிலில் தள்ளப்பட்டவர்கள், வீரர்களின் மனைவிமார் என்று எத்தனையோ பெண்களின் உழைப்பில்தான் அது ஓடுகிறது. தூதர் வீட்டு விருந்தைச் சம்பளமில்லாமல் நடத்துவது பெரும்பாலும் அவர் மனைவி. இதெல்லாம் 'வீட்டு விஷயம்' என்று பாடநூலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. அப்படி யார் நிறுத்தினார்கள் என்று கேட்பதுதான் பெண்ணியத்தின் வேலை.

ஒரு சொல்கூடச் சும்மா மாறிவிடவில்லை. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தின் (1948) முதல் பிரிவுக்கான ஆங்கில வரைவில் 'ஆண்கள்' என்றும் பொருள்படும் சொல் இருந்தது. அது எல்லாரையும் சேர்த்துத்தான் குறிக்கும் என்று சமாதானம் சொன்னார்கள். இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா விடவில்லை. கடைசியில் அது 'மனிதர்' என்று மாறியது.

கேள்வி: காலனி ஆட்சி எப்போதோ முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் அதையே பேச வேண்டும்?

பதில்: கரீபியக் கடல் நாடான ஹெய்ட்டியைப் பாருங்கள். அடிமைகளாக இருந்தவர்கள் போராடி 1804இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற நாடு. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, அங்கீகாரம் வேண்டுமானால் 15 கோடி ஃபிராங்க் கொடு என்றது. நிலத்தையும் அடிமைகளையும் இழந்த முதலாளிகளுக்கு இழப்பீடாம்! 1838இல் தொகை 9 கோடியாகக் குறைந்தது. முதல் தவணைக்கே பிரெஞ்சு வங்கியில் கடன் வாங்க வேண்டியிருந்தது. அதிலிருந்து கிளைத்த கடன்கள் 1947 வரை தொடர்ந்தன. இந்தக் கணக்கை மறைத்துவிட்டு அந்நாட்டைத் 'தோல்வியுற்ற அரசு' என்று அழைப்பது அநியாயம். 1884-85 பெர்லின் மாநாட்டில் ஆப்பிரிக்காவைப் பங்கிடும் விதிகளைப் பேசியபோது மேசையில் ஆப்பிரிக்கர் ஒருவரும் இல்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: கருத்தரங்கக் கட்டுரைக்கு ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1325ஆம் தீர்மானத்தை எடுத்திருக்கிறேன். எப்படி அலசுவது?

பதில்: 2000 அக்டோபர் 31இல் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது, பெண்கள், அமைதி, பாதுகாப்பு பற்றியது. முகவுரையை ஒதுக்கிவிட்டு யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் 18 செயற்பத்திகளையும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் வினைச்சொல்லை அடிக்கோடிடுங்கள். 'வற்புறுத்துகிறது', 'ஊக்குவிக்கிறது', 'கேட்டுக்கொள்கிறது' என்றே பெரும்பாலும் வரும். பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: யார் செய்ய வேண்டும், பணம் யாருடையது, எந்தத் தேதிக்குள்? உறுப்பு நாடுகளுக்குத் தேதிக் கட்டம் காலியாகவே இருக்கும். 7ஆம் பத்தியில் நிதி உதவியும் நாடுகளின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. தீர்மானம் ஏன் நடைமுறையில் தேங்குகிறது என்பதற்கு முக்கியமான விடை இங்கேயே இருக்கிறது.

அடுத்து பின்காலனியக் கேள்வி, அதாவது காலனி ஆட்சி விட்டுச்சென்ற ஏற்றத்தாழ்வு இன்றும் எப்படித் தொடர்கிறது என்ற கேள்வி. கண்ணிவெடி அகற்றுவது பற்றிப் பேசும் தீர்மானம் ஆயுத வியாபாரம் பற்றி வாய் திறக்கவில்லை. ஆயுதம் விற்கும் நாடு உதவி செய்யும் நாடாக மட்டுமே தெரிந்தால், அதைக் கட்டுரையில் அழுத்திச் சொல்லுங்கள்.

பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. பேச்சுவார்த்தையில் எத்தனை பெண்கள் என்று தலையை எண்ணிவிட்டு நிறுத்திவிடுவார்கள். எந்த வர்க்கத்துப் பெண், யார் அனுப்பியவர், வரைவைத் திருத்தும் உரிமை இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். 'மூன்றாம் உலகப் பெண்' என்று ஒரே அச்சில், எப்போதும் பாதிக்கப்பட்டவளாக வார்ப்பதை இந்தியாவில் பிறந்த பெண்ணிய அறிஞர் சந்திரா தல்பாடே மொஹந்தி 1980களிலேயே கண்டித்தார். 2001இல் அமெரிக்கா ஆப்கானியப் பெண்களின் விடுதலையைப் போருக்கு நியாயமாகக் காட்டியபோது அந்த அச்சுதான் கைகொடுத்தது. ஆகவே எந்தப் போரை எடுத்தாலும், அந்நாட்டுப் பெண்கள் அமைப்புகளின் அறிக்கைகளை முதலில் படித்துவிட்டு வல்லரசுகளின் உரைகளுக்குப் போங்கள்.