மலை, மழை, குளிர்: எந்த உடுப்புக்குக் காசு கொடுக்கலாம்?

மலையேற்ற உடுப்புகளைப் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை விலையைப் பற்றியவைதான். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

ஜூலை, ஆகஸ்டில் வால்பாறை, டாப்ஸ்லிப் பக்கம் நண்பர்களோடு நடப்பது வழக்கம். என் 1,200 ரூபாய் ரெயின்கோட்டுக்குள் மழையைவிட வியர்வையில்தான் அதிகம் நனைகிறேன். கடையில் 28,000 ரூபாய்க்கு கோர்-டெக்ஸ் ஜாக்கெட் காட்டி, ‘உள்ளே வேர்க்கவே வேர்க்காது’ என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், பொள்ளாச்சி)

வேண்டாம். ஜாக்கெட் நல்ல ஜாக்கெட்தான். நீங்கள் நடக்கும் காட்டுக்குத்தான் அது தோதுப்படாது.

கோர்-டெக்ஸின் உயிர் அதன் நடுவில் இருக்கும் மெல்லிய சவ்வு. டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தால் அது கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு விரியும் என்பதை 1969இல் அமெரிக்காவின் பாப் கோர் கண்டுபிடித்தார். 1976 முதல் அது துணியோடு ஒட்டப்பட்டு விற்பனைக்கு வந்தது. துளைக்குள் மழைத்துளி நுழையாது, நீராவி நுழையும். ஆனால் நீராவி சும்மா வெளியே போய்விடாது. உள்ளே ஈரம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் போகும்.

ஒரு கணக்கு பார்ப்போம். உடம்பை ஒட்டி 35 டிகிரியில் இருக்கும் ஈரக்காற்றின் நீராவி அழுத்தம், அதாவது காற்றில் எவ்வளவு ஈரம் என்பதன் அளவு, சுமார் 5.6 கிலோபாஸ்கல். வெளியே 5 டிகிரிக் குளிரில் மழை பெய்தால் அங்கே அது 0.9ஐத் தாண்டாது. வித்தியாசம் 4.7. அட்டை மொய்க்கும் நம் மழைக்காட்டில் 24 டிகிரி, காற்றெல்லாம் ஈரம். அங்கே வெளி அழுத்தமே 3 கிட்ட வந்துவிடும். வித்தியாசம் 2.6தான். வியர்வையைத் தள்ளும் விசை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. வியர்வையோ இரண்டு மடங்கு ஊற்றும். எந்தச் சவ்வும் இதற்கு ஈடுகொடுக்காது. கடைக்காரர் சொன்னது ஸ்காட்லாந்துக்குப் பொருந்தும், சோலையாறுக்குப் பொருந்தாது.

நம் காட்டுக்கு நல்ல குடை ஒன்று போதும். கேலி இல்லை: மரங்களுக்கு நடுவே மழை நேராக இறங்கும், குடைக்குக் கீழே காற்றோட்டம் இருக்கும், உடம்பு வேகாது. மேட்டு முனையில் காற்று அடித்தால் மட்டும் குடை மடங்கும். அங்கே முதுகுப் பையையும் சேர்த்து மூடும் பான்ச்சோவைப் போட்டுக்கொள்ளுங்கள். சட்டை சீக்கிரம் காயும் பாலியஸ்டராக இருக்கட்டும். நடக்கும்போது நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல், ஒரு செட் உலர்ந்த உடுப்பைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே வையுங்கள். மிச்சக் காசில் அட்டை சாக்ஸ் வாங்குங்கள். பின்னல் துணி வேண்டாம், அதன் கண்ணி வழியே அட்டை நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில், முழங்கால் வரை வந்து மேலே நாடா கட்டுவதாகப் பாருங்கள்.

ஜாக்கெட் லேபிளில் ‘10,000/10,000’, ‘3 லேயர்’ என்றெல்லாம் போட்டிருக்கிறார்களே, என்ன அர்த்தம்? (வாசகி, திருச்சி)

முதல் எண் தண்ணீரைத் தாங்கும் அளவு, மில்லிமீட்டரில். துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால், எவ்வளவு உயரத்தில் மறுபக்கம் கசிகிறது என்ற சோதனை. 10,000 என்றால் பத்து மீட்டர். வெறும் மழைக்கு இது தாராளம். ஆனால் கனத்த பையின் தோள்பட்டை அழுத்தும் இடத்திலும், ஈரப்பாறையில் உட்காரும் இடத்திலும் அழுத்தம் பல மடங்கு. பன்னிரண்டு, பதினைந்து கிலோ சுமப்பவர்களுக்கு 20,000 நல்லது.

இரண்டாவது எண், ஒரு சதுர மீட்டர் துணி ஒரு நாளில் வெளியேற்றும் நீராவி, கிராமில். இதை அப்படியே நம்ப வேண்டாம். சோதிக்கும் முறை ஒன்றல்ல, பல. ஒரே துணி ஒரு முறையில் சின்ன எண்ணும் இன்னொரு முறையில் பெரிய எண்ணும் தரும். எந்தக் கம்பெனியும் தனக்குச் சாதகமானதைத்தான் அச்சடிக்கும். இரண்டு பிராண்டுகளை இந்த எண்ணை வைத்து ஒப்பிடுவது வீண். அக்குளில் ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தச் சவ்வையும்விட அது அதிக வியர்வையை வெளியேற்றும்.

லேயர் என்பது ஒட்டிய அடுக்குகள். மூன்று அடுக்கில் வெளித்துணி, சவ்வு, உள்துணி மூன்றும் ஒன்றாக ஒட்டியிருக்கும். விலை கூடுதல், உழைப்பும் கூடுதல். இரண்டரை அடுக்கில் உள்துணி கிடையாது, சவ்வின் மேல் ஒரு பூச்சு மட்டும். எடை குறைவு, ஆனால் கையில் ஈரமாக ஒட்டும், சீக்கிரம் தேயும்.

கடையில் ஜாக்கெட்டை உள்பக்கம் வெளியே திருப்பி, எல்லாத் தையலின் மேலும் நாடா ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தோளிலும் தலைமூடியிலும் மட்டும் ஒட்டி மற்றதை விட்டுவிடுவதும் உண்டு. கையைத் தூக்கினால் இடுப்பு வெளியே தெரியக் கூடாது. தலைமூடியை இறுக்கிக்கொண்டு இடம் வலம் திரும்பினால் அதுவும் கூடவே திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் பாதைக்குப் பதில் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இங்கே படிக்க வந்து ஓராண்டாகிறது. வார இறுதியில் மலைக்குப் போகிறேன். 350 பவுண்டு கொடுத்து வாங்கிய ஜாக்கெட் ஆறே மாதத்தில் நனைய ஆரம்பித்துவிட்டது. ஏமாந்துவிட்டேனா? (மாணவர், கிளாஸ்கோ)

இல்லை. விலை உயர்ந்த ஜாக்கெட் தன் வேலையைக் காட்டும் இடமே உங்கள் ஊர்தான்: 5 டிகிரி, ஓயாத மழை, பக்கவாட்டில் அடிக்கும் காற்று. 5 டிகிரியில் 40 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால் தோலுக்கு அது பூஜ்யத்துக்கும் சற்றுக் கீழே. அங்கே நனைவது உயிர் சம்பந்தப்பட்டது.

உங்கள் ஜாக்கெட்டின் சவ்வு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். போனது வெளித்துணியின் மேல் இருந்த நீர்விலக்கிப் பூச்சு. புதிதில் துளி தாமரை இலைத் தண்ணீராக உருண்டோடும். அழுக்கு, எண்ணெய்ப்பசை, சோப்பு மிச்சம் ஏறியதும் துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும். அதன் பிறகு நீராவி வெளியேற வழியில்லை; உள்ளே வியர்வை சேரும், மழை புகுந்துவிட்டது என்று நினைப்போம்.

செய்ய வேண்டியது: எல்லா ஜிப்பையும் மூடி, 30 டிகிரியில் மழை உடுப்புக்கென்றே விற்கும் திரவச் சோப்பில் துவையுங்கள். துணி மென்மையாக்கும் கண்டிஷனர் பக்கமே போகாதீர்கள். மெஷினின் சோப்பு அறையையும் முதலில் கழுவிவிடுங்கள், பழைய பவுடர் அங்கேதான் ஒளிந்திருக்கும். இரண்டு முறை அலசி, உலர்ந்த பின் குறைந்த சூட்டில் 20 நிமிடம் டிரையரில் போடுங்கள். பராமரிப்பு லேபிள் அனுமதித்தால், மேலே ஒரு துண்டை விரித்து மிதமான சூட்டில் அயர்ன் செய்தாலும் சரி. சூடு பட்டால் பழைய பூச்சே மறுபடி வேலை செய்யும். தோளில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். துளி உருண்டால் முடிந்தது. பரவினால் மட்டும் புதுப் பூச்சு ஸ்பிரே வாங்குங்கள்.

ஃபுளோரின் கலக்காத புதுப் பூச்சுகள் இப்போது பரவலாகிவிட்டன. சுற்றுச்சூழலுக்கு நல்லது, ஆனால் எண்ணெயை அவை விலக்குவதில்லை, அதனால் முன்பைவிட அடிக்கடி துவைக்க வேண்டும். ‘விலை உயர்ந்தது, துவைத்தால் கெட்டுவிடும்’ என்று பொத்திப் பொத்தி வைப்பதுதான் அதைக் கெடுக்கிறது.

டிசம்பரில் உத்தராகண்டின் கேதார்காந்தா போகிறோம். இதுவே முதல் பனிமலை, கடைசியாகவும் இருக்கலாம். கடைப் பட்டியலைக் கூட்டினால் ஆளுக்கு 45,000 ரூபாய்! (தம்பதி, சென்னை)

பட்டியலை இரண்டாகக் கிழியுங்கள். டவுன் ஜாக்கெட் (பறவையின் மென்தூவி அடைத்தது), பனிக்கான கால் உறை, பூட்ஸில் மாட்டும் முள் சங்கிலி, ஊன்றுகோல் எல்லாம் வாடகைக்கு. ஏறத் தொடங்கும் சாங்க்ரியிலேயே கிடைக்கும். வாடகைக்கு எடுக்கும்போது ஜாக்கெட்டின் ஜிப்பை மேலும் கீழும் நான்கு முறை இழுத்துப் பாருங்கள். வாடகைச் சரக்கில் முதலில் போவது அதுதான்.

சொந்தமாக வாங்க வேண்டியதில் ஷூவுக்கு மட்டும் கஞ்சத்தனம் கூடாது. சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், போடப்போகும் கெட்டி சாக்ஸோடு போய்ப் போட்டுப் பாருங்கள். சரிவில் இறங்கிப் பார்க்கும்போது கட்டைவிரல் முன்னால் இடிக்கக் கூடாது. இடித்தால் இறங்கும் நாளில் நகம் கறுக்கும். ஆறு வாரம் முன்பே வாங்கி நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் நடந்து பழக்குங்கள்.

மற்றதெல்லாம் மலிவிலேயே ஆகும். உடம்பை ஒட்டிப் போடும் தெர்மல் இரண்டு செட். மெரினோ கம்பளி நாறாது, அதுதான் அதன் பெரிய லாபம். ஆறு நாளுக்குப் பாலியஸ்டரே போதும். அதற்கு மேல் ஃப்ளீஸ் எனும் பொசுபொசு பாலியஸ்டர் சட்டை, ஒன்று மெல்லியது, ஒன்று கனமானது. திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சச் சரக்காகக் கிடைக்கும் ஃப்ளீஸுக்கும் ஐந்து மடங்கு விலையுள்ளதற்கும் சூட்டில் பெரிய வேறுபாடு இல்லை. வெளிச்சட்டைக்கு 3,000 ரூபாய்க்குள் ஒன்று போதும், உலர்ந்த பனி தட்டினால் உதிர்ந்துவிடும். ஜீன்ஸும் பருத்தி பனியனும் வீட்டிலேயே இருக்கட்டும். ஈரமான பருத்தி காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

பலர் செய்யும் தவறு, காலையில் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஏறுவது. அரை மணியில் தெர்மல் தெப்பமாகும், நின்றதும் நடுங்கும். புறப்படும்போது லேசாகக் குளிர வேண்டும். டவுன் ஜாக்கெட் நிற்கும்போது போடுவதற்கு, நடக்கும்போது பைக்குள்.

டவுன் ஜாக்கெட்டில் 600ஐவிட 800 சூடானதுதானே? (வாசகர், பெங்களூரு)

அப்படிச் சொல்லித்தான் தலையில் கட்டுகிறார்கள். அந்த எண் தூவியின் தரம் மட்டுமே: ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் தூவி, எத்தனை கன அங்குலம் உப்புகிறது என்பது. எவ்வளவு தூவி அடைத்திருக்கிறார்கள் என்பது வேறு கணக்கு. 600 தூவி 200 கிராம் அடைத்தால் ஏறக்குறைய 70 லிட்டர் உப்பும். 800 தூவி 100 கிராம் என்றால் 46 லிட்டர்தான். அதனால் அடைத்த எடையைக் கேளுங்கள். அதே சூட்டுக்கு 800 எடை குறையும், பையில் சின்னதாக மடங்கும், அதற்குத்தான் விலை. தையலில் இறகு எட்டிப் பார்த்தால் வெளியே பிடுங்காதீர்கள், பின்னாலிருந்து உள்ளே இழுத்துவிடுங்கள்.

நான்கே முறை போட்ட ஜாக்கெட், ஐந்தாண்டு பீரோவில் இருந்து, உள்ளே பிசுபிசுவென்று உரிகிறது. ஷூவின் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்கிறது. விலை உயர்ந்த சரக்கு இப்படியா? (வாசகர், தூத்துக்குடி)

இரண்டுக்கும் காரணம் ஒன்றே: ஜாக்கெட்டின் உள்பூச்சிலும் ஷூவின் அடிப்பாகத்திலும் இருக்கும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். கடற்கரை ஊரின் சூடும் ஈரமும் சேர்ந்து அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். போட்டாலும் போடாவிட்டாலும் நடக்கும். ஷூவை மாதக்கணக்கில் பெட்டிக்குள் மூடி வைத்தால் இன்னும் மோசம். உரிந்த பூச்சைத் திரும்ப ஒட்ட முடியாது. மேல்தோல் நன்றாக இருந்தால் நல்ல செருப்புத் தொழிலாளி ரப்பர் அடிப்பாகம் மாற்றித் தருவார், அது செலவுக்குத் தகும். ஆண்டுக்கு ஒரு முறை போடுகிறவர் ‘ஆயுசுக்கும் இருக்கும்’ என்று வாங்குவதில் அர்த்தமில்லை. நம் கரையோர ஊர்களில் அது பீரோவிலேயே கிழடாகும்.

அப்பாவோடு மார்ச்சில் வெள்ளியங்கிரி ஏறுகிறேன். அவருக்கு 62 வயது. ஜாக்கெட் வாங்க வேண்டுமா? (வாசகர், ஈரோடு)

புதிதாக எதுவும் வேண்டாம். ஏறும்போது சட்டையே போதும். இரவில் ஏறினால் ஏழாவது மலையில் வியர்த்த உடம்பில் காற்று அடிக்கும். அங்கேதான் நடுக்கம் பிடிக்கும். மேலே போனதும் அப்பாவுக்குச் சட்டையை மாற்றிவிட்டு, வீட்டு ஸ்வெட்டரும் அதற்கு மேல் சாதாரண விண்ட்சீட்டரும் போட்டுவிடுங்கள். காதை மூடும் குல்லாய், கையில் மூங்கில் தடி. மாற்றுச் சட்டையை மறக்காதீர்கள்.