எக்ஸ்ரே ஃபிலிம் வழியாகச் சூரிய கிரகணம் பார்க்கலாமா?

வேண்டாம். எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ், புகை பிடித்த கண்ணாடி எல்லாமே வெளிச்சத்தை மட்டும் குறைக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் அவற்றினூடே நன்றாகவே புகுந்துவிடும். வெளிச்சம் கூசாததால் நாமும் தைரியமாக உற்றுப் பார்ப்போம். விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டது அப்போது உறைக்காது, சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவில் ஒரு கரும்புள்ளி தெரியும்போதுதான் புரியும். பாத்திரத் தண்ணீரில் பார்க்கும் பழக்கமும் ஆபத்துதான், அந்தப் பிரதிபலிப்பே கண்ணுக்கு அதிகம்.

ஐஎஸ்ஓ 12312-2 தரத்தில் வந்த கிரகணக் கண்ணாடி போதும். போட்டுக்கொண்டு வீட்டு டியூப்லைட்டைப் பாருங்கள். அநேகமாக ஒன்றும் தெரியக் கூடாது. கீறல் இருந்தால் தூக்கிப் போடுங்கள். அதை அணிந்தபடி பைனாகுலரில் மட்டும் பார்த்துவிடாதீர்கள். குவிந்த வெப்பம் ஃபில்டரையே பொசுக்கிவிடும்.

கண்ணாடி கிடைக்கவில்லையா? அட்டையில் குண்டூசியால் துளை போட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, பிம்பத்தைச் சுவரில் விழவிடுங்கள். 1 மீட்டர் தூரத்தில் சுமார் 9 மில்லிமீட்டர் அகலத்தில் பிம்பம் விழும். சல்லடைக் கரண்டி பிடித்தால் பிறை பிறையாக விழும். எனக்கு இதுதான் பிடித்த முறை.

"முழுசா மறைஞ்சதும் வெறும் கண்ணால் பார்க்கலாமே?" என்பார்கள். அது முழு கிரகணத்துக்கு, அதுவும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் பக்கம் தெரிந்தது வளைய கிரகணம். அதில் சூரிய விளிம்பு கடைசிவரை மறையாது. 2031 மே 21 அன்று தமிழகத்தின் தென்பகுதியில் தெரியப்போவதும் அந்த வகைதான். கண்ணாடியைக் கழற்றவே கூடாது.