இடமில்லாத கைப்பேசியில் மஞ்சள் விலையும் மழை நிலவரமும் பார்ப்பது எப்படி?

கேள்வி: அந்தியூருக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கரில் மஞ்சளும் வரப்போரம் நாற்பது தென்னையும் வைத்திருக்கிறேன். மகன் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்போனில் ஆளுக்கொரு செயலியை ஏற்றிவிட்டதால் இடம் நிரம்பி, அடிக்கடி நின்றுபோகிறது. செயலி எதுவும் இல்லாமல் விலை, மழை, நோய், பட்டா ஆகியவற்றைப் பார்க்க எந்த இணையதளங்கள் உதவும்? தென்னை ஓலை கறுத்துப் போவதற்கும் வழி கூறவும்.

பதில்: நான்கு தளங்கள் போதும். வேண்டிய தளத்தை குரோமில் திறந்து, மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'முகப்புத் திரையில் சேர்' என்பதை அழுத்தினால், செயலியைப் போலவே ஒரு சின்னம் திரையில் வந்துவிடும், இடத்தையும் அடைக்காது.

விலைக்கு மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தைப் பாருங்கள். மாநிலம், மாவட்டம், சந்தை, விளைபொருள் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் வரத்தும் விலையும் வரும். தளம் ஆங்கிலத்தில் இருப்பதால் குரோமின் மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தத் தோன்றும். ஆனால் மஞ்சளில் 'பல்ப்' என்றால் கிழங்கு, 'ஃபிங்கர்' என்றால் விரலி என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. அது மின்விளக்கையும் கைவிரலையும் காட்டினாலும் காட்டும். இந்த இரண்டு சொற்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்திலேயே பார்ப்பது நல்லது.

அங்கே குறைந்தபட்சம், அதிகபட்சம், 'மாடல்' என மூன்று விலைகள் இருக்கும். எல்லாமே குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு உரியவை. பலர் அதிகபட்ச விலையைப் பார்த்துவிட்டு மூட்டையை ஏற்றிக்கொண்டு போய், களத்தில் வாடிப்போய் நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கணக்குக்காக 9,000, 15,000, 12,000 என்று வைத்துக்கொள்வோம். நன்கு மெருகேற்றிய ஒரே ஒரு குவியல் 15,000 ரூபாய்க்குப் போயிருந்தாலும் அதிகபட்சம் அதுதான். அன்று பெரும்பாலான சரக்கு விலைபோனது 12,000 ரூபாயை ஒட்டித்தான் என்பதை மாடல் விலையே சொல்லும். உங்கள் சரக்கு நடுத்தரமென்றால் அந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். எந்தத் தேதியின் விலை, விரலியா கிழங்கா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஈரோடு வட்டாரத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும், ஈரோடு, கோபி கூட்டுறவுச் சங்கங்களிலும் தனித்தனியாக ஏலம் நடப்பதால், ஓரிடத்து விலையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். வண்டி வாடகையைக் கழித்துப் பார்த்தால் பக்கத்துச் சந்தையே மேலாகவும் இருக்கலாம்.

மழைக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளம். வேவித்த மஞ்சள் களத்தில் காய 10 முதல் 15 நாள் பிடிக்கும் என்பதால், கோடை மழை எட்டிப் பார்க்கும் பங்குனியில் உங்களுக்கு இதுதான் முக்கியம். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மாவட்ட வாரியாக வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கையைப் படித்த பிறகு வேவிக்கும் நாளைக் குறியுங்கள். மஞ்சள் காயும் நாட்களில், அடுத்த மூன்று மணி நேரத்துக்கான மாவட்ட எச்சரிக்கையையும் திறந்து பார்த்தால் தார்ப்பாயை எடுக்க அவகாசம் கிடைக்கும்.

பட்டா, சிட்டாவுக்குத் தமிழக அரசின் மின்சேவைத் தளம்; சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

நோய்க்கும் பூச்சிக்கும் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளம் தமிழிலேயே இருக்கிறது. கணினிக்காக அமைந்த பக்கங்கள் என்பதால் எழுத்து சிறிதாகத் தெரியும். போனைக் குறுக்கே திருப்பிப் பிடியுங்கள். சிக்னல் கிடைக்காத தோட்டம் என்றால், வீட்டிலேயே அதே மூன்று புள்ளிகளில் உள்ள கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்திப் பக்கத்தைச் சேமித்துக்கொண்டு போகலாம்.

வாட்ஸ்அப்பில் 'பிஎம் கிசான் பணம் வந்துள்ளது, இதை ஏற்றவும்' என்று வரும் கோப்பைத் தொடவே வேண்டாம். அதில் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்றும் பல்கலைக்கழகத்தின் முகவரி 'ஏசி டாட் இன்' என்றும் முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி தென்னை. ஓலையின் மேல்புறம் கரி படிந்ததுபோல இருந்து, அடிப்புறத்தில் வெள்ளை மெழுகு சுருள் சுருளாகத் தெரிந்தால் அது 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ. அது கழிக்கும் தேன் போன்ற நீரில் வளரும் பூஞ்சாணம்தான் அந்தக் கறுப்பு. பூச்சிமருந்து அடித்தால் வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற சிறு குளவியும் சேர்ந்து சாகும் என்பதால் அதைத் தவிர்த்து, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறிகளைக் கட்டுங்கள். ஓலையின் அடியில் படும்படி வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கரைத்துக் காய்ச்சிய பசையை ஓலைமேல் தெளித்தால், வெயிலில் காய்ந்து கறுப்போடு சேர்ந்து உரிந்து விழும். இந்த அடையாளம் பொருந்தவில்லை என்றால், ஓலையின் இருபுறத்தையும் படமெடுத்துக்கொண்டு கோபியில் உள்ள மைராடா வேளாண் அறிவியல் நிலையத்துக்குச் செல்லுங்கள். போக முடியாத நாளில் உழவர் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.