மலை ரோடு, பழைய வண்டி, புதுச் சட்டம்: வாசகர் கேள்விகள்

சீசன் நெருங்கிவிட்டது. மலைப்பாதையில் வண்டிச் சோதனை கூடியதும் கடிதங்களும் கூடிவிட்டன. முக்கால்வாசி அபராதத்தைப் பற்றியவை. எப்போதும் சொல்வதையே மறுபடி சொல்கிறேன்: எனக்கு எழுதுவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். மாடல் வருடமும் எரிபொருளும் எழுதாமல் வரும் கேள்விக்குக் குருட்டாம்போக்கில்தான் பதில் சொல்ல முடியும். அப்படி வந்த ஏழெட்டுக் கடிதங்களை ஒதுக்கிவிட்டேன்.

என்னுடையது 1994 மாடல் பத்மினி. மேட்டுப்பாளையத்தில் புகைச் சோதனையில் பாஸ் ஆகிறது, ஊட்டியில் ஃபெயில் ஆகிறது. மெஷினில் கோளாறா, வண்டியிலா?
– ஊட்டி வாசகர்

இரண்டிலும் இல்லை. காற்றில் இருக்கிறது வித்தியாசம். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். இங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்புரேட்டருக்கு அது தெரியாது. சமவெளிக்கு வைத்த ஜெட், அதாவது பெட்ரோல் வருகிற சின்னத் துளை, அதே அளவுக்குப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். கலவை கெட்டியாகி, பெட்ரோல் முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு ஏறிவிடும். உங்கள் வருட மாடலுக்கு வரம்பு 3 சதவீதம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், முனையில் விளக்குக் கரி மாதிரி கறுப்பு படிந்திருக்கும்.

முதலில் ஏர் ஃபில்டரை மாற்றுங்கள். சோதனைக்குப் போவதற்கு முன் அரை மணி நேரம் ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். சோக் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள், கேபிள் இறுகிப்போய்ப் பாதியில் நிற்கும் வண்டிகள் நிறைய. அப்புறம் கலவையைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸ்சர் ஸ்குரூவைக் கால் சுற்று உள்ளே திருப்பிவிட்டு மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். போன மாதம் என் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியில் 4-ஐத் தாண்டி நின்ற அளவு, இந்தக் கால் சுற்றில் 2-க்குப் பக்கத்தில் இறங்கியது. ஒரு எச்சரிக்கை: மலைக்காகச் சின்ன ஜெட் போட்டால், கோயம்புத்தூர் போகும்போது கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். கீழே அடிக்கடி போகிறவர் ஜெட்டில் கை வைக்கவே வேண்டாம், ஸ்குரூவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வண்டியைக் கொண்டுபோகாமல் புகைச் சான்றிதழ் எங்கே கிடைக்கும்?
– பெயரும் ஊரும் இல்லை

இதை என்னிடம் கேட்காதீர்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பது உங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான். பி.எஸ்.4, பி.எஸ்.6 என்ற புகைத் தர அளவுகளில் வந்த கார்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை போனால் போதும், சான்றில்லாமல் மாட்டினால் 10,000 ரூபாய் வரை போகும்.

ஜீப்புக்கு மிலிட்டரி பச்சை அடிக்கலாமா? வெலிங்டனில் பார்த்ததிலிருந்து ஆசை.
– அரவங்காடு வாசகர்

கூடாது. மோட்டார் வாகன விதி 121-ன்படி அந்த ஆலிவ் பச்சை ராணுவத்துக்கு மட்டும்தான். வேறு நிறம் அடிப்பதென்றாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி, பிறகு பெயின்ட், பிறகு ஆர்.சி.யில் பதிவு.

இரவில் காட்டெருமை குறுக்கே வருகிறது. முன்னால் கம்பி பம்பர் போட்டால் அபராதம் என்கிறார்கள். எங்கள் உயிருக்கு யார் பொறுப்பு?
– கோத்தகிரி வாசகர்

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. கட்டபெட்டுக்குப் பக்கத்தில் ஒரு வளைவு திரும்பியதும் எதிரே நின்ற காட்டெருமையை ஹெட்லைட்டில் பார்த்தவன் நான். ஆனால் வளர்ந்த ஆண் கிட்டத்தட்ட 1,000 கிலோ இருக்கும். கம்பி பம்பர் அதைத் தடுக்காது. அடி வாங்குகிற வேகத்தை நேராக வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்குக் கடத்திவிடும். நொறுங்கி அடியை வாங்கிக்கொள்வதற்கென்றே வைத்த முன்பகுதி வேலை செய்யாமல் போகும், ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமலும் போகலாம். 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் இதை நிறுத்தச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. சட்டத்தோடு எனக்கு எத்தனையோ சண்டை உண்டு, இதில் இல்லை. கழற்றிவிடுங்கள். இருட்டினால் 30-ல் போங்கள், இறக்கத்தில் இரண்டாம் கியர்.

புது சைலன்சர் போட்டேன், 5,000 ஃபைன் போட்டுவிட்டார்கள். சத்தம் கொஞ்சம்தான் அதிகம். இது அநியாயம் இல்லையா?
– குன்னூர் வாசகர்

இல்லை தம்பி. எந்த வண்டி, எந்த சைலன்சர், புகையின் நச்சைக் குறைக்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டரை வெட்டினீர்களா இல்லையா, எதுவும் எழுதவில்லை. வெட்டியிருந்தால் உடனே திரும்பப் போடுங்கள். சட்டப்பிரிவு 182ஏ(4)-ன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000, கூடவே ஆறு மாதம் வரை சிறையும் சொல்லியிருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் விடியற்காலை நாலு மணிக்கு இந்தச் சத்தத்தோடு ஏறும் பத்துப் பேரால்தான், ஒழுங்காக வண்டியைப் பராமரிக்கிற நூறு பேரை மடக்குகிறார்கள்.

அப்பா காலத்து ஜீப். ஆர்.சி.யில் பெட்ரோல் என்றிருக்கிறது. 90-களில் அப்பா வேறு கம்பெனி டீசல் எஞ்சின் மாற்றியிருக்கிறார். இப்போது ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போனால் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முடியாது என்கிறார். முப்பது வருடமாகத் தேயிலை மூட்டை ஏற்றுகிற வண்டி. என்ன செய்வது?
– மஞ்சூர் வாசகர்

ஐயா, இந்த மாதம் இதே கேள்வியோடு நான்கு கடிதங்கள் வந்தன. குந்தா, கொலக்கம்பை, கூடலூர் என்று எங்கே போனாலும் இந்த ஜீப்புகள் நிற்கின்றன. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முதலில் அனுமதி வாங்கிக்கொண்டு மாற்றங்கள் செய்ய இடம் கொடுத்திருந்தது. 2000-இல் அதைத் திருத்தினார்கள். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக எதையும் மாற்றக்கூடாது என்று ஆனது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அங்கீகாரம் பெற்ற கிட் போட்டு எரிவாயுவுக்கோ மின்சாரத்துக்கோ மாற்றுவது, மாற்றுத் திறனாளிகளுக்காக மாற்றி அமைப்பது போன்ற சிலவற்றுக்கு மட்டும் வழி விட்டிருக்கிறார்கள்.

உங்கள் அப்பா மாற்றியது 2000-க்கு முன்பு. அன்றைக்கு அனுமதி வாங்கியிருந்தால் ஆர்.டி.ஓ. பதிவேட்டில் எங்கேயாவது இருக்கும். இன்றைக்குக் கையில் இருக்கிற கார்டை நம்பாதீர்கள். பழைய புத்தகத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றும்போது விட்டுப்போனவை ஏராளம். முதலில் பதிவான அலுவலகத்தில் ஆர்.சி. பர்டிகுலர்ஸ், அதாவது பதிவேட்டு விவர நகல், கேட்டு மனுக் கொடுங்கள். வீட்டுப் பெட்டியில் பழைய ஆர்.சி. புத்தகம் இருந்தால் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள், பேனாவால் எழுதி முத்திரை குத்தியிருப்பார்கள். அது கிடைத்தால் உங்கள் கை ஓங்கும். கிடைக்காவிட்டால் பழைய மாதிரி எஞ்சினைத் தேடி ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அதே கம்பெனி, அதே ரக எஞ்சினாகவே இருந்தாலும் எஞ்சின் எண் மாறும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட்டு ஏற்றுங்கள், ஏற்றியதும் 14 நாளுக்குள் எழுதிக் கொடுங்கள்.

இனி என் மனக்குறை. என் சொந்த ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். குன்னூர்–மேட்டுப்பாளையம் பாதையில் பர்லியாறு வரை இறங்குவதற்குள் சூடேறி, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்தேன். வேலை சுத்தம். பதினான்கு கொண்டை ஊசி வளைவும் இறங்கி, கீழே நிறுத்திக் கை வைத்துப் பார்த்தால் பின் டிரம்கள் வெதுவெதுப்போடு சரி. முறையாகப் பதிவு செய்யலாம் என்று ஓர் அலுவலகத்துக்கு வண்டியோடு போனேன். "நன்றாகத்தான் செய்திருக்கிறீர்கள், ஆனால் இதைப் பார்த்து எழுதித் தர எனக்கு வழியில்லை" என்றார் அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார். கடைசியில் டிஸ்கைக் கழற்றிவிட்டு, சூடேறுகிற டிரம்மையே திரும்ப மாட்டினேன். சட்டப்படி அதுதான் சரியான வண்டி!

ஜெர்மனியில் ஒரே ஒரு வண்டியைக்கூட இன்ஜினியர் பரிசோதித்துச் சான்று தருகிறார். இங்கிலாந்திலும் தனி வண்டிக்கு அனுமதி பெறும் முறை உண்டு. நம்மிடமும் ஒரகடத்தில், புனேயில் பெரிய சோதனை மையங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே போகிற வழி ஒரு மாடலை ஆயிரக்கணக்கில் விற்கிற கம்பெனிக்குப் போட்ட வழி. மஞ்சூர் விவசாயி தன் ஒற்றை ஜீப்பை எடுத்துக்கொண்டு எங்கே போவார்? நான் கேட்பது பெரிய விஷயமில்லை. மாதத்துக்கு ஒரு நாள் ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் பிரேக், புகை, சேசிஸ், ஸ்டியரிங் நான்கையும் பார்க்கட்டும். தேறினால் ஆர்.சி.யில் எழுதட்டும், தேறாவிட்டால் வண்டியை நிறுத்தட்டும். பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின் ஏற்றியவருக்கும், ஆறு ஹாரன் மாட்டியவருக்கும் ஒரே அபராதம் என்பது கண்ணை மூடிக்கொண்டு நிறுக்கிற தராசு. பத்து வருடமாக இதைத்தான் எழுதுகிறேன், வழி திறக்கிற வரைக்கும் எழுதுவேன்.

2021 டீசல் கார். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டர், அவ்வளவுதான் ஓட்டம். டி.பி.எஃப். விளக்கு அடிக்கடி எரிகிறது. மெக்கானிக் அதை வெட்டிவிடலாம் என்கிறார்.
– குன்னூர் வாசகி

வேண்டாம் அம்மா. அந்த மெக்கானிக்கிடம் இனிமேல் வண்டியையும் விடாதீர்கள். டி.பி.எஃப். என்பது கரியைப் பிடிக்கிற வடிகட்டி. பிடித்த கரி எரிந்து சாம்பலாவதற்கு 600 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். குளிரில் மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் அந்தச் சூடு எங்கே வரும்? வாரம் ஒரு நாள் பர்லியாறு வரை இறங்கி, திரும்பும்போது மூன்றாம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் குறையாமல் நிற்காமல் ஏறுங்கள். கரியை எரிப்பது ஏற்றம்தான், இறக்கத்தில் சூடு வராது. இறங்கும்போது வழக்கம்போல இரண்டாம் கியர். நிறுத்துகிற நேரத்தில் ஃபேன் வேகமாகச் சுற்றி, சூட்டு வாடை வந்தால் கரி எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அணைக்காமல் இன்னும் பத்து நிமிடம் ஓட்டுங்கள். விளக்கு சிவப்பாகிவிட்டால் சர்வீஸ் சென்டர்தான். மலையில் குறைந்த ஓட்டக்காரருக்கு டீசல் வேண்டாம் என்று விற்கிறபோதே ஷோரூமில் சொல்லியிருக்க வேண்டும்.

கண்ணாடிக்கு சன் ஃபிலிம் ஒட்டலாமா?
– கொடைக்கானல் வாசகர்

முன், பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கத்தில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வரவேண்டும். 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமைத் தடுத்தது. பிறகு விதி மாறி, இந்த அளவுக்குள் இருந்தால் ஒட்டலாம் என்று 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் சாலையில் சோதனைக்கு நிற்கிறவர் கையில் அதை அளக்கிற மீட்டர் இருக்காது. கொடைக்கானல் மூடுபனியில் எதற்கு ஐயா ஃபிலிம்?

பனிமூட்டத்துக்குக் கூரை மேல் எல்.இ.டி. பார்?
– கேத்தி வாசகர்

பயன் இல்லை. மேலிருந்து அடிக்கிற வெளிச்சம் மூடுபனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும், எதிரே வருகிறவருக்கும் கண் கூசும். ஹெட்லைட்டுக்குக் கீழே, தாழ்வாக இரண்டு ஃபாக் லைட், ஹெட்லைட்டை டிப்பில் வையுங்கள். அவ்வளவுதான்.

1973 மாடல் அம்பாசிடர். விண்டேஜாகப் பதிந்தால் நல்லதா?
– பண்ணைக்காடு வாசகர்

50 வருடம் தாண்டியதால் தகுதி உண்டு. 2021 விதிப்படி புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, ரேலி மாதிரி காரியங்களுக்குத்தான் வெளியே எடுக்கலாம். தினசரி வத்தலக்குண்டு இறங்குகிறவர் என்றால் சாதாரணப் புதுப்பித்தலே சரி. 20 வருடம் தாண்டிய காருக்கு இப்போது 10,000 கட்ட வேண்டும், பசுமை வரி தனி.

அப்புறம், பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. உங்கள் காரின் பழைய ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரமும் அதில் ஊறி விரிசல் விடும். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் சொட்டினால் தீதான். எத்தனால் தாங்குகிற குழாய் கேட்டு வாங்கி, மழை பிடிப்பதற்குள் மாற்றிவிடுங்கள்.